தனிநபர் வலையும் பொதுப் பராமரிப்பும்

எழுதுவது, பகிர்வது, சேமிப்பது ஆகிய அனைத்தும் ஒருசில பெருநிறுவனங்களின் தளங்களுக்குள்ளேயே நிகழும் இன்றைய நிலையை மாற்றி, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு முகவரியையும் தம் கட்டுப்பாட்டிலுள்ள ஓர் இடத்தையும் பெற்று, அங்கிருந்தே பிறரோடு தொடர்புகொள்ள வேண்டும் என்னும் கருத்து பரவலாக்கப்பட்ட தனிநபர் வலை எனப்படுகிறது. அதற்கான கருவிகளை விளம்பர வருவாயையோ முதலீட்டாளர்களின் ஆதாயத்தையோ சாராமல், பயனரை வேவு பார்க்காத முறையில் உருவாக்கும் முயற்சி கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஓர் இயக்கமாக உருப்பெற்றுள்ளது. அதன் அறநோக்கு மதிக்கத்தக்கது. ஆனால் உடைமையைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த அளவுக்கு அது பராமரிப்பைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்பதையும், அதன் நிலைத்த வெற்றிகள் பொதுவில் பேணப்படும் அமைப்புகளின் வழியாகவே கிட்டியுள்ளன என்பதையும் அதன் வரலாறு காட்டுகிறது.

இம்முயற்சிக்கான தேவை வலையின் தொடக்கக் காலத்திலேயே உருவாகிவிட்டது. செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989இல் வலைக்கான முன்மொழிவை அளித்த டிம் பெர்னர்ஸ்-லீ, அடுத்த ஆண்டு எழுதிய முதல் உலாவியைப் படிப்பதற்கு மட்டுமன்றிப் பக்கங்களைத் திருத்தி எழுதுவதற்கும் உரியதாக அமைத்திருந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. எனினும், ஒரு பக்கத்தை வெளியிட வேண்டுமானால், எப்போதும் இணையத்தோடு இணைந்திருந்து கேட்பவருக்கெல்லாம் பக்கங்களை அனுப்பும் கணினியான வழங்கி தேவைப்பட்டது. அதை நடத்தும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை. அந்த இடைவெளியை நிரப்பிய இலவசச் சேவைகள் பலரை எழுத வைத்தன என்றாலும், எழுதப்பட்டவற்றின் ஆயுளை நிறுவனத்தின் வணிக முடிவுகளோடு பிணைத்தன. 1994இல் தொடங்கப்பட்டு 1999இல் யாகூவின் வசமான ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது எண்ணற்ற தனிநபர் பக்கங்கள் முகவரி இழந்தன. பல தளங்களின் புதிய பதிவுகளை ஓடைகளாகத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013இல் நிறுத்தப்பட்டபோது, தனித்தளங்களைத் தொடர்ந்து படிக்கும் பழக்கமே தளர்ந்தது.

இவ்விழப்புகளுக்கு மாற்றுத் தேடியோருள் முன்னோடிகள், 2011இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கூடிய சந்திப்பிலிருந்து வளர்ந்த இண்டிவெப் இயக்கத்தினர். ஒருவர் தம் சொந்த டொமைன் பெயரில் முதலில் வெளியிட்டு, அதன் படியையே சமூக ஊடகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களது அடிப்படை நடைமுறை. இதனால் சமூக ஊடகம் மறைந்தாலும் மூலம் அழிவதில்லை. ஒரு தளத்தில் எழுதுபவர் வேறொரு தளத்தின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்ததை அத்தளத்துக்குத் தெரிவிக்கும் வெப்மென்ஷன் என்னும் நெறிமுறை, அவர்களது முயற்சியால் 2017இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக ஏற்கப்பட்டது. வெவ்வேறு வழங்கிகளிலுள்ள பயனர்கள் ஒருவரையொருவர் பின்தொடர வழிசெய்யும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018இல் அதே ஏற்பைப் பெற்றது. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் என்னும் சமூக வலை மென்பொருள் அந்நெறிமுறையைப் பரவலாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அயர்லாந்தில் ஆரல் பால்கனும் லாரா கால்பாக்கும் தொடங்கிய ஸ்மால் டெக்னாலஜி ஃபவுண்டேஷன் மேலும் ஒரு படி சென்று, பலருக்கு ஒரு வழங்கி என்ற நிலையையும் கடந்து, ஆளுக்கொரு வழங்கி என்பதையே இலக்காகக் கொள்கிறது.

இக்கருவிகளின் முதன்மையான சிறப்பு, அறத்தை வாக்குறுதியில் வைக்காமல் கட்டமைப்பிலேயே வைப்பதாகும். ஒரு நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையை நாளையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திரட்டப்படாத தரவை எவராலும் விற்க இயலாது. மாஸ்டடானில் பதிவுகள் கால வரிசையில் தோன்றுவதும், அதில் விளம்பரம் இல்லாததும், பயனரின் கவனத்தை நீட்டித்து வருவாய் ஈட்டும் தேவை அந்த மென்பொருளுக்கு இல்லாததன் விளைவுகளே. அடுத்த சிறப்பு கட்டற்ற மென்பொருள் உரிமம் தரும் பாதுகாப்பு. மாஸ்டடான் பின்பற்றும் ஏஜிபிஎல் உரிமம், மென்பொருளை மாற்றி அமைத்து வலைவழியே சேவையாக நடத்துபவரும் அதன் மூலநிரலைப் பயனருக்குத் தர வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவதால், பலர் உழைத்து உருவாக்கியதை ஒருவர் மறைத்து வைத்துக்கொள்ள முடிவதில்லை.

குறைகளுள் முதலாவது, விடுதலைக்கு முன்நிபந்தனையாக அமையும் உழைப்பு. சொந்த வழங்கியை நடத்துபவர் டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவி, காப்புப்படி எடுத்து, தாக்குதல்களையும் எதிர்கொள்ள வேண்டும். பழைய முகவரி முறையான ஐபிவி4 சுமார் 430 கோடி முகவரிகளையே தரக்கூடியது என்பதால், இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அந்நிலையில் வீட்டுக் கணினியை வழங்கியாக்குவதே கடினமாகிறது. நெறிமுறை அளவில் முழுமையாகப் பரவலாக்கப்பட்ட மின்னஞ்சலே, வேண்டாத மடல்களான எரிதங்களைத் தடுக்கும் சுமையின் காரணமாக, நடைமுறையில் ஒருசில பெருநிறுவனங்களிடம் குவிந்துவிட்டது. ஆகவே, பரவலாக்கப்பட்ட வடிவமைப்பு மட்டுமே பரவலாக்கப்பட்ட பயன்பாட்டை உறுதிசெய்துவிடாது.

இரண்டாவது குறை, உருவாக்குபவர் சோர்ந்தால் கருவியும் நலிவடைவது. நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் 2010இல் டயஸ்போரா என்னும் பரவலாக்கப்பட்ட சமூக வலைக்காக 10,000 டாலர் கேட்டு, ஏறத்தாழ 2,00,000 டாலர் நன்கொடை பெற்றனர். இரண்டே ஆண்டுகளில் அதன் பொறுப்பு தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடங்குவதற்குப் பணம் திரட்டுவதைவிட, தொடர்ந்து பேணுவதற்குத் திரட்டுவது மிகக் கடினம். வலையின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளை மிகச் சிலரே சொற்ப நன்கொடையில் பேணிவந்தனர் என்பது, 2014இல் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புப் பிழை வெளிப்பட்ட பின்பே உலகின் கவனத்துக்கு வந்தது.

மூன்றாவது குறை, பொறுப்பு சிதறுவதால் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்படும் கதியின்மை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் மாஸ்டடான் சார்ந்த வலைகளில் புழங்குவதையும், அவற்றைக் கண்டறியும் கருவிகள் சிறு வழங்கிகளிடம் போதிய அளவு இல்லை என்பதையும் வெளிக்கொணர்ந்தது. வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற கேப் தளம் 2019இல் மாஸ்டடானுக்கு மாறியபோது, பல வழங்கிகள் அதனுடனான தொடர்பைத் துண்டித்தன. இத்துண்டிப்பு பரவலாக்கத்தின் வலிமைக்குச் சான்று என்றாலும், அத்தளமும் அதே மென்பொருளைப் பயன்படுத்த முடிந்தது, உரிமத்தின் அறம் பயன்பாட்டின் அறத்தை உறுதிசெய்வதில்லை என்பதற்குச் சான்று. மேலும், மாஸ்டடானில் ஒருவர் வழங்கி மாறும்போது பின்தொடர்வோரை உடன் கொண்டுசெல்லலாம், பழைய பதிவுகளைக் கொண்டுசெல்ல இயலாது. தன்னார்வலர் நடத்தும் வழங்கி திடீரென மூடப்படும்போது, அங்குள்ளோரின் எழுத்துக்கும் ஜியோசிட்டீஸ் பக்கங்களுக்கு நேர்ந்ததே நேர்கிறது. எந்த இழப்பைத் தடுக்க இவ்வியக்கம் எழுந்ததோ, அதே இழப்பு சிறிய அளவில் மீண்டும் நிகழ்வதை அதன் ஆதரவாளர்கள் உரிய அளவில் பொருட்படுத்துவதில்லை.

இக்குறைகளுக்குத் தீர்வு பெருநிறுவனங்களிடம் திரும்பிச் செல்வதன்று. சொந்த வீடு கட்டியவருக்கும் தெருவும் வடிகாலும் ஊர்ப்பொதுவாகவே அமைய வேண்டியிருப்பதுபோல, தனித்தளமும் பொதுக் கட்டமைப்பின்மீதே நிற்கிறது. உலாவிக்கும் வழங்கிக்கும் இடையிலான தொடர்பை மறையாக்கம் செய்யத் தேவையான சான்றிதழ்கள் ஒருகாலத்தில் பெரும்பாலும் விலைக்கே கிடைத்தன. 2015இன் இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சேவை, அவற்றை இலவசமாகவும் தானியங்கி முறையிலும் வழங்கியதால் சிறு தளங்களுக்கும் அப்பாதுகாப்பு எட்டியது. இத்தகைய பொதுச் சேவையும் ஒரு மையமே அல்லவா என்னும் எதிர்வாதம் நியாயமானது. ஆயினும், அச்சேவை பயன்படுத்தும் நெறிமுறை 2019இல் திறந்த தரநிலையாக்கப்பட்டதால், வேறு அமைப்புகளும் அதே முறையில் சான்றிதழ் வழங்க முடிகிறது. மாற்று சாத்தியமாக உள்ளவரை மையம் ஆதிக்கமாவதில்லை. அடிப்படை மென்பொருள்களின் பராமரிப்புக்காக ஜெர்மன் அரசு 2022இல் தொடங்கிய நிதியமும், உறுப்பினர்களே சந்தா செலுத்தித் தம் விதிகளைத் தாமே முடிவுசெய்யும் கூட்டுறவு மாஸ்டடான் வழங்கியான சோஷியல்.கூப்பும் இவ்வழியிலேயே அமைந்தவை.

ஆகவே, தனிநபர் வலைக்கான ஒரு கருவியை மதிப்பிடும்போது, தரவு யாருடையது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அக்கருவியை உருவாக்கியவர் விலகிய பின் அதைப் பேணப்போவது யார் என்றும், அதன்வழியே தீங்குற்றவருக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் யார் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு இவ்வியக்கம் பெருமிதம் கொள்ளத்தக்க விடையைத் தந்துள்ளது. எஞ்சிய இரண்டுக்கும் தனித்த நிரலரின் திறமையால் மட்டும் விடை காண முடியாது. சந்தா, கூட்டுறவு, பொதுநிதி, பகிரப்பட்ட கண்காணிப்பு ஆகிய அமைப்புகளை உருவாக்கும் உழைப்பும் மூலநிரல் எழுதுவதற்கு இணையான படைப்புப் பணியாக மதிக்கப்பட்டால்தான், ஆளுக்கோர் இடம் என்னும் உயர்ந்த நோக்கம் நிரல் எழுதத் தெரிந்த சிலரின் வசதியாகச் சுருங்காமல் அனைவருக்கும் உரியதாகும்.