கம்பர் கண்ட பூனை

அவையடக்கத்தை வெறும் மரபென்று கடந்து போவார் பலர். கம்பரிடம் அது பொருந்தாது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் காட்டுகிறார் அவர். சிறுமையை மட்டும் சொல்ல எறும்பு போதுமே! பூனைக்கோ பாலின்மேல் தீரா வேட்கை. வான்மீகியின் காப்பியம் கடலாய் முன்னே விரிய, கம்பர் ஐயுற்றது தம் நாவின் அளவை. பாலின் சுவையை அன்று. ஐயம் தீரட்டும் என அவர் காத்திருக்கவுமில்லை. நூல் ஆறு காண்டங்களாய், 10,000-க்கு மேற்பட்ட பாடல்களாய் வளர்ந்தது.

இப்பாட்டை வகுப்பில் பணிவுக்குச் சான்றாக மட்டும் நடத்துவது, எழுதத் தொடங்கிப் பாதியில் அஞ்சி நிற்கும் மாணவனை மேலும் அஞ்சச் செய்யும். அவனுக்குரிய பாட்டும் அங்கேயே உள்ளது. தரையில் கோடு கீறி அறையும் அரங்கும் அமைத்து விளையாடும் பிள்ளைகளைத் தச்சர் சினப்பாரோ என்று கம்பர் வினவுகிறார். வினா புலவரை நோக்கியது, பிள்ளைகளை அன்று.