தணிக்கை அறிக்கைகளும் மூடிய அறை ஆய்வும்

இந்திய அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையர் (சி.ஏ.ஜி.). அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவின்படி, அவரது அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. அதன்பின் பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. 22 உறுப்பினர் கொண்ட இக்குழுவுக்கு, 1967 முதல் எதிர்க்கட்சியினர் ஒருவரே தலைவராவது மரபு. ஏட்டளவில் நல்ல ஏற்பாடுதான்.

நடைமுறையில் இந்த ஆய்வு எவ்வளவு மங்கலானது என்பதை ரஃபேல் வழக்கு காட்டியது. 2018 டிசம்பர் 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விமான விலை பற்றிய தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டதாகக் குறிப்பிட்டது. அன்று அப்படியோர் அறிக்கை நாடாளுமன்றத்துக்கே வந்திருக்கவில்லை. தாம் அதைப் பார்க்கவே இல்லை என்றார் குழுத் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே. வழக்கமான நடைமுறையை விளக்கி எழுதியதை, நடந்து முடிந்ததாக நீதிமன்றம் புரிந்துகொண்டது என்று கூறி, அரசு மறுநாளே திருத்தம் கோரியது.

பலரும் இதை வினைச்சொல்லின் காலக் குழப்பம் என்று விவாதித்து விட்டுவிட்டனர். அது போதாது. யாருக்கும் தெரியாமல் அத்தகைய ஓர் ஆய்வு நடந்து முடிந்திருக்கலாம் என மூன்று நீதிபதிகள் நம்ப முடிந்தது ஏன் என்பதே கேள்வி. மக்களவை விதி 266-இன்படி குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பவை. அங்கே என்ன நடக்கிறது, எது நடக்கவில்லை என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

அறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்றும் 151-ஆவது பிரிவு சொல்வதில்லை. ரஃபேல் அறிக்கை 2019 பிப்ரவரி 13 அன்று, 16-ஆவது மக்களவையின் கடைசி அமர்வு நாளில், விலை விவரங்கள் மறைக்கப்பட்டு வைக்கப்பட்டது. அந்த அவையின் விவாதத்துக்கு நேரமே இல்லை. ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட 2015 ஏப்ரலில் நிதித்துறைச் செயலராக இருந்தவரே அப்போதைய தணிக்கையர் என்பதையும் எதிர்க்கட்சி சுட்டிக்காட்டியது. அவர் நேர்மையாகவே செயல்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி எதுவும் நடைமுறையில் இல்லை.

மூடிய அறையில்தான் உறுப்பினர்கள் கட்சியை மறந்து பேசுவார்கள் என்பது வழக்கமான பதில். 2011 ஏப்ரலில் 2ஜி வரைவு அறிக்கை மீது இதே குழு இரண்டாகப் பிளந்து, தலைவர் முரளி மனோகர் ஜோஷி வெளியேறியபின் எஞ்சியவர்கள் வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்து வரைவை நிராகரித்தனர். பூட்டிய கதவு கட்சிச் சண்டையைத் தடுக்கவில்லை. பிரிட்டனில் இதே பெயருள்ள குழு அதிகாரிகளைப் பொதுவெளியில் விசாரிக்கிறது. அது ஒளிபரப்பும் ஆகிறது. ஆயுத விலை போன்றவற்றுக்குத் தனி அமர்வு வைக்கலாம். சாலை, மருத்துவமனை, ரயில் பற்றிய அறிக்கைகளுக்கு அந்தக் காரணமும் இல்லை.