பெயர்த்தகடும் தேய்வும்: மலையகத்துப் பழம்பொறிகளைச் சேகரித்தல் பற்றி ஒரு நோக்கு

பழம்பொருள்களைத் தேடித் தொகுப்போர் எல்லா நாடுகளிலும் உளர். நாணயம், முத்திரை, ஏட்டுச்சுவடி ஆகியவற்றைச் சேகரித்தல் நமக்கும் பழக்கமானதே. ஆனால், துணி துவைக்கும் தன்னியக்கப் பொறிகளைச் சேகரிப்போரும் மேலைநாடுகளில் இருக்கின்றனர் என்று கூறின், வலப்பனைப் பகுதித் தோட்டங்களிலே பீலிக்கரைக் கல்லில் துணி அடித்து வளர்ந்த நம்மவர்க்கு அது வேடிக்கையாகவே தோன்றும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. எனினும், அவர்கள் ஒரு பொறியை இனங்காணும் முறையைக் கூர்ந்து நோக்கியபோது, நமது தேயிலைத் தொழிற்சாலைகளின் பழம்பொறிகளை நாம் பேணும் முறை பற்றிச் சில வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களே இக்கட்டுரைக்குப் பொருள்.

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டு அறிமுகமான பெண்டிக்ஸ் என்னும் பொறியே வீட்டுப் பாவனைக்கு வந்த முதலாவது தன்னியக்கச் சலவைப்பொறியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. நீர் நிரப்புதல், துவைத்தல், அலசுதல், சுழற்றிப் பிழிதல் ஆகிய யாவற்றையும் மனிதக்கை இடையில் தொடாமலே அது நிறைவேற்றியது. சுழலும்போது அதிர்ந்து நகர்ந்துவிடும் என்பதால் அதனைத் தரையோடு மரையாணியிட்டு இறுக்க வேண்டியிருந்தது. இத்தகைய பொறி ஒன்றைக் கண்டெடுக்கும் சேகரிப்பாளன் முதலில் நாடுவது பெயர்த்தகட்டையே. ஆனால் தகடு எப்போதும் முழு உண்மையையும் உரைப்பதில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் ஒரே உற்பத்தியாளரின் பொறி, சியர்ஸ் நிறுவனத்தின் கடைகளிலே கென்மோர் என்றும், வேறிடங்களில் வேர்ல்பூல் என்றும் விற்கப்பட்டது. ஆகவே தேர்ந்த சேகரிப்பாளன் தகட்டோடு நின்றுவிடுவதில்லை. மூடியைத் திறந்து, உள்ளமைப்பையும் தேய்ந்த உறுப்புகளையும் பின்னாளிற் செய்யப்பட்ட திருத்தங்களையும் பார்க்கிறான்.

இதனினும் ஆழமான ஒரு வினாவை ரூத் ஷுவார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றாசிரியை 1983இல் வெளியிட்ட நூலிலே எழுப்பினார். வீட்டுக்குப் பொறிகள் வந்தபின் பெண்களின் வேலைநேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. தூய்மை பற்றிய எதிர்பார்ப்பு உயர்ந்தது, முன்னர் வெளியே கொடுத்த வேலையும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது என்பது அவரது முடிபு. அப்படியாயின் ஒரு பொறியை இனங்காண்பது என்பது அதை யார் செய்தார் என்று அறிவது மட்டுமன்று. அது யாருடைய வேலையைக் குறைத்தது, யாருடைய வேலையைக் கூட்டியது என்று அறிவதுமாகும்.

இந்த அளவுகோலை நம் மலைகளுக்குக் கொண்டுவருவோம். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் இலையை மேசையிலிட்டுக் கையாலேயே உருட்டச் செய்தார். கையின் அந்த வட்ட அசைவையே பின்னர் உருட்டுபொறி இரும்பிலும் பித்தளையிலும் பெயர்த்தெழுதியது. இவ்வகைப் பொறிகளில் வில்லியம் ஜாக்சனின் ஆக்கங்கள் பெரும்புகழ் பெற்றவை. ஆயின் அவை கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனத்தின் வார்ப்படங்களாகவே உலகெங்கும் பரவின. வெப்பக்காற்றினால் இலையை உலர்த்தும் சிறொக்கோ பொறியைச் சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ற் நகரில் உருவாக்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இவற்றை இனங்கண்டுவிடலாம். பெயர்கள் இரும்பிலேயே வார்க்கப்பட்டுள்ளன.

தகடு சொல்லாத செய்தி வேறு. தொழிற்சாலைக்குள் கைவேலை குறைந்தபோது மலையிற் கைவேலை பெருகியது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பெரிய உருட்டுபொறி ஒன்றை ஒருதடவை நிரப்புவதற்கே பத்திருபது பெண்களின் ஒருநாட் பறிப்புத் தேவைப்படும். பொறி பெரிதாக, அதன் வாயும் பெரிதாயிற்று. அவ்வாய்க்கு இரையிட்டவை விரல்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் இலங்கையின் தேயிலைப் பரப்பு மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்தமைக்கும், தென்னிந்தியாவிலிருந்து குடும்பங் குடும்பமாக ஆள் திரட்டப்பட்டமைக்கும் இப்பொறிகளுக்கும் உள்ள உறவைக் காட்டாத எந்தச் சேகரிப்பும் அரைகுறையானதே.

இவ்வகையில் மலையகத்தில் மூன்று முயற்சிகளைக் குறிப்பிடலாம். கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடத்திலே 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை முதலாவது. தோட்டங்களிற் கேட்பாரற்றுக் கிடந்த உருட்டுபொறிகளையும் உலர்த்திகளையும் எஞ்சின்களையும் அழிவிலிருந்து மீட்டமைக்காக அதற்கு நன்றி கூறவே வேண்டும். எனினும் அங்கு உயர்ந்து நிற்பவை பொறியும், டெய்லர், லிப்டன் முதலானோரின் நினைவுமே. இரண்டாவது, வலப்பனைக்கு அயலிலுள்ள கந்தப்பளையிலே, மூடிக்கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலையை 1996இல் உல்லாச விடுதியாக மாற்றியமை. அங்கு எஞ்சினும் சக்கரங்களும் அழகுப்பொருள்களாகிவிட்டன. விருந்தினர் அவற்றின் அருகே இரவுணவுக்குச் செல்கின்றனர். இதனை நான் முற்றாகக் கண்டிக்க மாட்டேன். விடுதியாகியிராவிடின் அக்கட்டடத்தின் தகரமும் மரமும் எங்கே போயிருக்கும் என்பது தெரிந்ததே. மூன்றாவது, கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயமொன்றிலே 2007இல் அமைந்த தொழிலாளர் நூதனசாலை. தொழிலாளரின் கருவிகளும் வீட்டுப்பொருள்களும் ஆவணங்களும் அங்கே இடம்பெற்றுள்ளன. மூன்றினுள்ளும் எளியதாயினும் என் நெஞ்சுக்கு அணித்தானது இதுவே. ஆனால் இங்கும் ஒரு குறை உண்டு. ஹந்தானையிற் கையின்றிப் பொறி நிற்பதுபோல, இங்குப் பொறியின்றிக் கை நிற்கின்றது. பறித்தவளின் கூடை ஒரு மலையிலும், அக்கூடையை வெறுமையாக்கிய ரோதை வேறொரு மலையிலும் இருப்பின், இரண்டுக்கும் இடையிலான உறவைப் பார்வையாளன் எங்ஙனம் அறிவான்?

பழம்பொறி காட்சிக்கு வரும்போது முதலிற் பெறுவது ஒரு வர்ணப்பூச்சு. துருவைத் தடுக்க அது வேண்டும் என்பர், உண்மைதான். ஆனால் பூச்சு துருவை மட்டும் மறைப்பதில்லை. என் தந்தை வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றின் ஸ்டோரிலே இருபத்திரண்டு ஆண்டுகள் உருட்டுபொறியோடு நின்றவர். அழுத்தமூடியை ஏற்றி இறக்கும் கைச்சக்கரத்தின் விளிம்பு, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் மின்னியதைச் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். அவரும், அவருக்கு முன் நின்றவரும் பிடித்த பக்கம் அது. மேசையின் பித்தளைச் சட்டங்கள் தேய்ந்தபோது உள்ளூர்ப் பட்டறையிற் செய்து பொருத்திய துண்டுகள் நிறத்தால் வேறுபட்டிருந்தன. இங்கிலாந்தில் வார்த்த பொறி பாதி இலங்கைப் பொறியாகிவிட்டிருந்தது! இத்தேய்வும் ஒட்டும் அதன் உண்மையான வயதைக் கூறும் ஏடுகள். அவற்றின்மேற் பச்சை வர்ணம் பூசுவது, சுவடியைத் துடைத்துத் தூய்மையாக்குவதற்கு ஒப்பாகும்.

பொருளுக்கு நேர்ந்ததே சொல்லுக்கும் நேர்கின்றது. ரோதை என்ற சொல்லைக் காட்சிக்கூடத்தில் எழுதிவைக்க எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. தொழிலாளர் வாயில் தொழிற்சாலை ஸ்டோராகவும் சுழலும் பொறி ரோதையாகவும் இருந்தன. அதனைக் காக்கும் ரோதமுனி என்ற தெய்வமும் அவர்களிடையே தோன்றிற்று. தாய்நாட்டிலிருந்து மாரியம்மனைக் கொண்டுவந்த மக்கள், இம்மலைக்கு வந்தபின் தாமே கண்ட தெய்வம் அது. மூடநம்பிக்கை என்று இதனை ஒதுக்குவார் உளர். ஓடும் தோற்பட்டியும் சுழலும் அச்சும் ஒரு கணத்திற் கையைப் பறித்துவிடக்கூடிய இடத்திலே, நாளும் நின்ற மனிதரின் அச்சத்தை அறியாதாரின் கூற்று அது. மார்ஷல் என்று தகடு கூறிய பொறியை அவர்கள் முனி என்று இனங்கண்டனர். வரலாற்றுக்கு இரண்டு பெயர்களும் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல இன்று காற்றோடு போயிருக்கும். ஸ்டோரின் சொற்களுக்கும் கதைகளுக்கும் அத்தகைய ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை.

இதனை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. இம்மாற்றங்களினூடே மூடப்பட்ட தொழிற்சாலைகள் பல. நானுஓயாவிலிருந்து இராகலைவரை 1904இல் வந்துசேர்ந்த சிறு இரயில்பாதை 1940களில் மறைந்தபோது அதனை எவரும் பேணவில்லை. இன்று அதன் தடத்தைக் காட்டுவதற்கே முதியவர் ஒருவரை அழைக்க வேண்டியிருக்கிறது. பொறிகளுக்கும் அந்நிலை வந்துகொண்டிருக்கிறது. நமது சங்கத்து மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மூடிய ஸ்டோர் ஒன்றைத் தேர்ந்து, பொறியின் தகட்டையும் தேய்வையும் ஒருங்கே படமெடுத்து, அதில் நின்றோரின் வாய்மொழியை அவர்கள் சொல்லிலேயே பதிவு செய்யலாம். பணம் அதிகம் வேண்டியதில்லை.

என் தந்தை நின்ற ஸ்டோரின் பொறிகளைப் பழைய இரும்பு வியாபாரி நிறைக்கணக்கில் ஏற்றிச் சென்றுவிட்டார். சென்ற தடவை போயிருந்தேன். கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்த சீமெந்துத் தரையிலே, ரோதைகளை இறுக்கியிருந்த மரையாணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எந்த ஆணிகளில் எந்த ரோதை நின்றது என்று சொல்லக்கூடியவர் இருவர் லயத்தில் இருக்கின்றனர். ஒருவருக்குச் செவி கேட்பதில்லை.