குறிப்பறிதலும் குற்றமறிதலும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம்மவரிடை நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. அதற்கு அரணாகத் திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தை எடுத்துக்காட்டுவார் பலர். தன்னை அடுத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுமாறுபோல, நெஞ்சில் மிக்கதை முகம் காட்டும் என்றார் வள்ளுவர். எனவே, முகத்தை நோக்கியே ஒருவன் மெய்யனா பொய்யனா எனத் துணியலாம் என்பது அன்னார் கொள்கை. இக்கொள்கை நூலுக்கு ஒக்குமா என்பதும், நடைமுறையில் இது யாருக்குத் தீங்கு விளைக்கின்றது என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

குறிப்பறிதல் என்னும் பெயரில் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உள. பொருட்பாலில் உள்ள 71ஆம் அதிகாரம் 'மன்னரைச் சேர்ந்தொழுத'லை அடுத்து நிற்பது. அங்கே குறிப்பை அறிபவன் அமைச்சன், அறியப்படுபவன் அரசன். கீழிருப்பவன் மேலிருப்பவனின் உள்ளத்தை உணர்ந்து நடத்தற்குரிய அறிவே அது. மேலிருப்பவன் கீழிருப்பவனைக் குற்றவாளியாக்குதற்குக் கருவியன்று. அங்கு முகத்தாலும் கண்ணாலும் அறியப்படுவனவாக வள்ளுவர் எண்ணியவை உவப்பு, வெறுப்பு, பகை, நட்பு என்பனவே. பொய் அவற்றுள் ஒன்றன்று.

காமத்துப்பாலின் 110ஆம் அதிகாரத்தில், அயலார்போலக் கடிந்து பேசும் தலைவியின் உள்ளன்பைத் தலைவன் உணர்கின்றானே, அது மறைத்ததைக் கண்டறிதல் அன்றோ எனின், கூறுதும். அங்கு நோக்குபவன் அன்புடையவன். நோக்கப்படுபவளோ அவன் அறிதலை விரும்புபவள். அவன் துணிவு பிழைப்பினும் அவளுக்குக் கூலியிழப்பில்லை, தண்டமுமில்லை. ஆதலின் அது விசாரணைக்கு இலக்கணமாகாது.

பொய்யையும் வஞ்சத்தையும் வள்ளுவர் கூறுமிடங்கள் வேறு. வஞ்ச மனத்தானைக் கண்டு ஐம்பூதங்களும் நகும் என்பார், அந்நகை அவன் அகத்தே நிகழ்வதாகவே கூறினார்; புறத்தார் காண்பர் என்றிலர். முகத்தால் இனிதாக நகும் வஞ்சரை அஞ்சுக என்றும், பகைவர் தொழுத கையினுள்ளும் படை ஒடுங்கும், அவர்தம் கண்ணீரும் அத்தன்மைத்து என்றும் கூடாநட்பில் எச்சரித்தார். உண்மை காணும் வழியை ஒற்றாடலில் வகுத்தார்: ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவிடத்தே தெளிக என்பது அது. ஆகவே முகம் உணர்ச்சிக்குச் சான்று. உண்மைக்குச் சான்று விசாரணை என்பதே வள்ளுவர் நெறி.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இதற்கு அரணாகும். நகை முதல் உவகை ஈறாக எண்ணப்பட்ட எட்டனுள் பொய் என ஒரு மெய்ப்பாடு இல்லை; அச்சம் உண்டு. அவ்வச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு 'தம் இறை'யும் எண்ணப்பட்டது. தலைவன்முன் நடுங்குதல் குற்றத்தின் அடையாளமன்று, எளியார்க்கு இயல்பென்பது இதனாற் பெறப்படும்.

இந்நுட்பத்தின் தேவையை மலையகத் தோட்டங்கள் நன்கு காட்டும். நுவரெலியாவிலோ ஹற்றனிலோ மாலை நிறுவையின்போது, தன் கொழுந்தின் நிறை குறைத்து எழுதப்பட்டதென ஒரு பெண் முறையிடுகின்றாள் என்று கொள்வோம். நிறை குறையின் அவளுக்கு அரைப்பேரே விழும். அவள் நிலம் நோக்குகின்றாள், குரல் தழுதழுக்கின்றது, சேலைத் தலைப்பை விரல்கள் திருகுகின்றன. "முழியே காட்டிக்கொடுக்கிறது" என்று கணக்கப்பிள்ளை முடித்துவிடின் அவள் கூலி போயிற்று. துரையைக் கண்டால் வழியொதுங்கி, தலைத்துண்டை எடுத்துக் கைகட்டி நிற்றல் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பயிற்றப்பட்ட ஒழுக்கம். நிமிர்ந்து நோக்கினாற் திமிர் என்றும், குனிந்து நின்றாற் கள்ளம் என்றும் கொள்ளின், அவள் எம்முகத்தோடு நிற்பாள்?

நீதிமன்றத்திலும் இவ்விடர் உண்டு. சாட்சியை நேரிற் கண்ட நீதிபதியின் மதிப்பீட்டுக்குப் பெருமதிப்பளித்தல் 1918இல் பிராட் எதிர் பிரவுன் என்னும் இலங்கை வழக்கிற் பிரிவிக் கவுன்சில் வலியுறுத்திய கொள்கை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. எழுத்திற் காணாத பலவற்றை நேரிற் காணலாம். ஆயினும் உரைபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசும் தொழிலாளி, நீதிபதியை நோக்காது அவரையே நோக்குதலும், விடைக்குமுன் தயங்குதலும் மொழியின்பாற் பட்டவை. தமிழர் உடன்பாடாகப் பக்கவாட்டில் தலையசைத்தலும் வேற்றுநாட்டார்க்கு மறுப்பாகத் தோன்றும்.

இக்கால உளநூலும் இதனையே உரைக்கின்றது. சார்லஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்னும் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, கேட்டும் கண்டும் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய முயன்றோர் சராசரியாக நூற்றுக்கு 54 முறையே சரியாகக் கூறினர். நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்ப்பளித்தாலும் நூற்றுக்கு 50 முறை சரியாகும்.

முகக்குறிப்பை அறவே புறக்கணிக்க வேண்டும் என்பதன்று இதன் கருத்து. நடுக்கத்தைக் கண்டவன் 'இவள் அஞ்சுகின்றாள்' எனக் கொள்ளலாம். அச்சத்தின் காரணத்தை அவள் அச்சம் நீங்கப் பேசுமாறு செய்து கேட்டறிதல் வேண்டும். 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தோன்றிய தொழில் நியாயசபைகள் முதல் தோட்டத்து நிறுவைக்களம் வரை இதற்கு இடமுண்டு. பதிவேட்டைப் பார்க்கலாம், உடன் பறித்தவரைத் தனித்தனியே வினவலாம், கூடையை மீண்டும் நிறுக்கலாம். குறிப்பறிதலைப் படித்தவர் ஒற்றாடலையும் உடன் படிப்பாராயின், ஏழையின் கூலி அவள் முகத்தைப் பொறுத்து நில்லாது.