சுமப்பவன் இல்லாத வரலாறு

ஆயுதங்களின் வரலாற்றைக் கூறும் நூல்களும் கட்டுரைகளும் நம் மாணவர் விரும்பிப் படிக்கும் எழுத்து வகைகளுள் ஒன்றாகும். அவற்றுள்ளும், தோளில் வைத்துச் செலுத்தும் தாங்கி எதிர்ப்பு ஆயுதங்களைப் பற்றியவற்றுக்குத் தனிக் கவர்ச்சியுண்டு. இரும்புக் கோட்டையொன்றைத் தனி மனிதன் தகர்க்கிறான் என்னும் கற்பனை இளம் உள்ளங்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆயின், 2009 இல் முடிந்த போரின் நிழலிலே வளரும் தலைமுறைக்கு அவ்வெழுத்து எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என்று வினவுதல் விமரிசனத்தின் கடமையாகும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். 1915 இல் பிரித்தானியர் கவச ஊர்தியை மறைவாக உருவாக்கியபோது, அது தண்ணீர் கொண்டு செல்லும் கலம் என்று பொய் பரப்பி, அதற்கு 'டாங்க்' என்று பெயரிட்டனர். 1916 செப்ரெம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. நம் நாட்டுக் குளங்களுக்கு ஆங்கிலேயர் வழங்கிய சொல்லும் அதுவே. மன்னாரின் கட்டுக்கரைக்குளம் ஆங்கில ஏடுகளில் 'ஜயன்ற்ஸ் டாங்க்' ஆகும். நறுவிலிக்குளம் போன்ற ஊர்கள் தம் பெயரிலேயே நீரைத் தாங்கி நிற்க, நீரின் பெயரைப் போர்த்திக்கொண்டு ஒரு கொலைப்பொறி உலகிற் புகுந்தது. அதனை எதிர்க்க எழுந்த ஆயுதத்தின் பெயரும் இத்தகையதே. 1942 இல் அமெரிக்கப் படைக்கு வந்த குழலுக்கு, வானொலி நகைச்சுவைக் கலைஞர் பொப் பேர்ண்ஸ் தாமே செய்து ஊதிய வாத்தியத்தின் பெயரான 'பசூக்கா' சூட்டப்பட்டது. ஜேர்மனியர் தம் ஆயுதத்தைக் 'கவச முட்டி' என்னும் பொருளில் 'பான்சர்பௌஸ்ட்' என்றனர். ஒன்று விளையாட்டு, மற்றொன்று வீறாப்பு. இரண்டிலும் சாவு மறைந்து நிற்கின்றது. ஆயுத வரலாறு எழுதுவோர் இப்பெயர்களைச் சுவையான செய்திகளாகத் தருகின்றனரேயன்றி, அவை ஏன் இடப்பட்டன என்று கேட்பதில்லை.

இனி, கருவியின் இயக்கம். ஒரு துப்பாக்கி கவசத்தைத் துளைக்க வேண்டுமாயின் குண்டு பெருவேகத்துடன் செல்ல வேண்டும். வேகத்துக்குப் பாரமான குழாய் வேண்டும். கவசம் தடிக்கத் தடிக்க அத்தகைய துப்பாக்கியை மனிதன் சுமக்க இயலாதாயிற்று. 1888 இல் சாள்ஸ் மன்றோ என்னும் அமெரிக்க வேதியியலாளர், குழிவுடைய வெடிபொருள் தன் ஆற்றலை ஒரு திசையிற் குவிப்பதை விளக்கினார். பின்னர் அக்குழிவுக்கு உலோகக் கூம்பு பொருத்தப்பட்டது. வெடிப்பிலே கூம்பு நசுங்கி, வினாடிக்குப் பல கிலோமீற்றர் வேகமுடைய தாரையாகிக் கவசத்தைத் துளைக்கின்றது. துளைக்கும் வலிமை வெடிப்பிலிருந்தே பிறப்பதால், குண்டு மெல்லப் பறந்தாலும் போதும். இதனாலேயே அதனைத் தோளிலிருந்து செலுத்த முடிந்தது. ஆயினும் 1950 ஜூலையிற் கொரியாவின் ஓசான் அருகே, அமெரிக்கரின் பழைய பசூக்கா சோவியத் ரி-34 தாங்கிகளைத் தடுக்க இயலாது தோற்றது. 1961 இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட ஆர்.பி.ஜி-7 இன்றுவரை பல நாடுகளில் வழங்குகின்றது. இவ்விளக்கங்களை நூல்கள் செம்மையாகவே தருகின்றன. குறை இதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

இவ்வாயுதம் 'எளியோரின் ஆயுதம்' என்பது முற்போக்காளரிடையேயும் வேரூன்றிய கருத்தாகும். வியட்நாமிய விவசாயிகளின் போராட்டம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. அதில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று. 1944 இன் இறுதியில் நாசி ஆட்சி பதினாறு வயதினர் முதல் அறுபது வயதினர் வரை திரட்டிய மக்கள் படையின் கையிற் கொடுத்ததும் இவ்வகை ஆயுதமே. அவற்றுள் ஒரு வகையின் பயன்தூரம் முப்பது மீற்றரளவே. முப்பது மீற்றரில் நின்று தாங்கியை எதிர்கொள்பவன் மீள்வது அரிது. ஆயுதத்தின் மலிவு அவனுயிரின் மலிவையும் உள்ளடக்கியிருந்தது. சோவியத் மண்ணிற் பிறந்த ஆர்.பி.ஜி, 1980களில் ஆப்கானிஸ்தானிலே சோவியத் கவச ஊர்திகளையே எரித்தது. சீனா, பல்கேரியா, எகிப்து, பாகிஸ்தான் ஆகிய நாடுகளும் அதனை உற்பத்தி செய்தன. ஆயுதத்துக்கு வர்க்க உணர்வு இல்லை. அதை ஏந்துவிக்கும் அரசியலுக்கே அது உண்டு.

நம் தீவின் கதையும் இதனையே உணர்த்துகின்றது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை நோக்கி விடுதலைப் புலிகள் கவசமிட்ட புல்டோசர் ஒன்றைச் செலுத்தினர். காமினி குலரத்ன என்னும் சிப்பாய் கைக்குண்டுகளோடு அதன்மீது ஏறி, அதனை நிறுத்தித் தாமும் மாண்டார். அப்பொறி இன்று வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக நிற்கின்றது. அதனுள் இருந்தோரைப் பற்றி அச்சின்னம் பேசுவதில்லை. தமிழில் எழுந்த வீரப் புகழ்ச்சி எழுத்தும் எதிரே மாண்ட சிங்களக் கிராமத்து ஏழைப் பிள்ளையைப் பற்றிப் பேசியதில்லை. குளக்கட்டு உயர்த்த வேண்டிய மண்வாரிப் பொறிக்குக் கவசமிட்ட காலத்தில், இரு பக்கத்திலும் மடிந்தோர் பெரும்பாலும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. பள்ளி வயதுச் சிறாரையும் புலிகள் படையிற் சேர்த்தமையை ஐக்கிய நாடுகள் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. பொதுமக்கள் செறிந்திருந்த இடங்கள்மீது எறிகணை வீசிய அரசின் பொறுப்பை இவ்வுண்மை அணுவளவும் குறைப்பதன்று. ஒருவர் குற்றத்தைச் சொல்வதற்கு மற்றவர் குற்றத்தை மறைக்க வேண்டும் என்னும் நியதி எழுத்தாளனுக்கு இல்லை.

ஆகவே, இவ்வகை எழுத்தை மாணவர் படிக்கக் கூடாதென்று தடுப்பது பயனற்றது, தடுத்தது இனிக்கும். மாறாக, வேறு வினாக்களோடு படிக்கப் பயிற்றுதல் வேண்டும். ஒரு நூல் குழலின் நீளத்தையும் நிறையையும் கூறுமிடத்து, அதைச் சுமந்தவனின் வயதென்ன என்று கேட்க வேண்டும். கவசத்தின் தடிப்பைக் கூறுமிடத்து, அதனுள் வெந்தவன் எவ்வூரான் என்று கேட்க வேண்டும். விலையைக் கூறுமிடத்து, அவ்விலையை வாங்கிக்கொண்டவன் யார் என்று கேட்க வேண்டும். குழலின் பின்வாயால் பாயும் தீ, பின்னே நிற்பவனையும் சுடும் என்பது ஆயுதப் பயிற்சியின் முதற்பாடம். போரை முன்னே நின்று வியப்போர் பலர். பின்னே நின்று வெந்தோரை எழுதும் கடமையே இன்று நம் எழுத்தாளர்முன் நிற்கின்றது.