பினாங்கில் வளர்ந்த பிப்

எங்கள் ஊர் மணிக்கூண்டின் உயரம் 60 அடி. விக்டோரியா மகாராணி பட்டமேறி 60 ஆண்டு நிறைந்ததற்காக ஆண்டுக்கு ஓரடி என்று கணக்குப் போட்டு, சியா சென் இயோக் என்ற பினாங்குச் சீனச் செல்வந்தர் தன் கைக்காசில் கட்டிக் கொடுத்தது. கொண்டாட்டம் 1897இல். கூண்டு எழும்பி முடிந்தது 1902இல். அதற்குள் ராணியே போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளில் கூண்டு லேசாகச் சாய்ந்தது. இன்றும் அந்தச் சாய்வோடுதான் நிற்கிறது.

அதன் அடியில் உட்கார்ந்துதான், ஆறாம் படிவம் படித்த காலத்தில், சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை முடித்தேன். வீட்டுக்குப் போக வேண்டிய மூன்று பஸ்களை விட்டுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி ஆரம்பித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை பதினோரு தடவை படித்தாயிற்று. இதைவிட என் உயிரோடு ஒட்டிய புத்தகம் எனக்கு வேறில்லை. ஒரு பிள்ளையை அவன் ஊரும் வீடும் சுற்றியிருக்கும் மனிதர்களும் எப்படி உருட்டிப் பிசைந்து ஆளாக்குகிறார்கள் என்பதை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காட்டிய எழுத்தை நான் கண்டதில்லை.

முதல் பக்கத்தையே பாருங்கள். கதையின் நாயகன் பிப் தாய் தகப்பனைப் பார்த்தறியாதவன். கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளின் வடிவத்தை வைத்தே, அப்பா தடித்த, கறுத்த, சுருட்டை முடிக்காரராக இருந்திருப்பார் என்று முடிவு செய்கிறான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். தான் யார் என்பதை ஒரு குழந்தை தன் உள்ளிருந்தா எடுக்கிறது? வெளியே கிடைக்கும் கல்லிலிருந்தும் எழுத்திலிருந்தும் அல்லவா கூட்டிக்கொள்கிறது! அடுத்த நிமிஷமே சதுப்பு நிலத்திலிருந்து கால் விலங்கோடு ஒரு கைதி எழுந்து வந்து அவனைத் தலைகீழாகப் பிடித்துவிடுகிறான். பயத்தில் பிப் வீட்டிலிருந்து சாப்பாடும் அரமும் திருடிக்கொண்டு போய்க் கொடுக்கிறான். அவன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு காலைப்பொழுதிலிருந்துதான் முளைக்கிறது.

ஆனால் நான் வாசிக்கிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவது வேறொரு காட்சி. மிஸ் ஹாவிஷாம் என்ற பணக்காரச் சீமாட்டியின் இருண்ட மாளிகையில் எஸ்டெல்லா என்ற சிறுமியோடு பிப் சீட்டாடுகிறான். சீட்டுக்கு அவன் சொல்லும் பெயரைக் கேட்டு அவள் சிரிக்கிறாள். உன் கை ஏன் இவ்வளவு சொரசொரப்பு, உன் பூட்ஸ் ஏன் இவ்வளவு தடிப்பு என்று ஏளனம் செய்கிறாள். வெளியே முற்றத்துக் கல்லில் நாய்க்கு வைப்பதுபோல் சாப்பாடு வைக்கிறாள். அதுவரை அவனுக்குக் கை என்றால் வெறும் கை, பூட்ஸ் என்றால் வெறும் பூட்ஸ். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் கையைத் தானே பார்க்கிறான். சுவரை உதைத்து, முடியைப் பிய்த்து அழுகிறான்.

இதைப் படித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஐந்து வருடம் முன்னால் நடந்த ஒன்று அப்படியே எழுந்து வந்தது. எங்கள் அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதியவர். காக்கிக் கால்சட்டை, காதில் செருகிய பென்சில். வகுப்புத் தோழி ஒருத்தி தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். கடலைப் பார்த்த பெரிய பங்களா. வாசலில் வரிசையாக விட்டிருந்த காலணிகளின் ஓரத்தில் என் ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்குப் போட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை வகுப்பில், எங்கள் அப்பாவுக்குச் சொந்தக் கிடங்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பிப்பும் அதைத்தான் செய்கிறான்! மாளிகையில் வெல்வெட் வண்டி இருந்தது, வெள்ளிக் கூடையில் நாய்கள் கறி தின்றன என்று வீட்டில் அளக்கிறான். பிறகு ராத்திரி, கொல்லுப்பட்டறையில் அக்காள் புருஷன் ஜோவிடம் மட்டும் உண்மையை ஒப்புக்கொள்கிறான். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத அந்தக் கொல்லன் அவனை அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. பொய்யால் யாரும் உயர முடியாது என்று தனக்குத் தெரிந்த தட்டுத்தடுமாறிய பேச்சில் சொல்லிக் கொடுக்கிறான். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்வேன்.

டிக்கன்ஸ் இதைக் கற்பனையில் மட்டும் பிடித்தாரா? அவருக்கு 12 வயதாக இருந்தபோது, 1824இல், தகப்பனார் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடந்தார். பையன் பூட்ஸ் மை செய்யும் பட்டறையில் வாரம் ஆறு ஷில்லிங்குக்கு மைப் புட்டிகளில் காகிதம் ஒட்டினான். அந்த வெட்கத்தை மனைவி மக்களிடம்கூட அவர் வாய்விட்டுப் பேசியதில்லை. எழுத்தில் மட்டும் திரும்பத் திரும்ப இறக்கி வைத்தார். 1849இல் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' தொடங்கினார். 1860 டிசம்பரில் தன் வாரப் பத்திரிகையில் பிப்பின் கதையைத் தொடராக விட்டார்.

பிப்புக்கு எங்கிருந்தோ பணம் வந்து அவன் லண்டன் கனவான் ஆவதும், அந்தப் பணம் மிஸ் ஹாவிஷாம் கொடுத்ததென்று நம்பி ஏமாறுவதும் பலருக்குத் தெரிந்த கதை. அனுப்பியவன் அந்தக் கால் விலங்குக் கைதி மேக்விச். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஆடு வளர்த்துச் சேர்த்த காசு. இந்தத் திருப்பத்தைப் பினாங்கில் உட்கார்ந்து படிப்பதில் ஒரு தனி நடுக்கம் இருக்கிறது. ஏனென்றால் நாங்கள் இருப்பதும் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய தீவு. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கைதிகளை அனுப்பி இங்கே சாலை போட வைத்தது.

அப்படி வந்தவர்களில் ஒரு பையனை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். 1801 அக்டோபர் 24இல், கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் சேர்த்து 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். 1802 பிப்ரவரி. துரைச்சாமிக்கு அப்போது ஏறக்குறைய 15 வயது. சின்ன மருதுவிடம் வேலும் வளரியும் எறியக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1818இல் பினாங்கு வந்தபோது ஒரு தளர்ந்த மனிதர் தன் முன்னால் வந்து நின்றதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைச்சாமி என்று அவருக்குத் தெரிந்ததாம். முப்பது சொச்சம் வயதுக்காரர், பார்வைக்குக் கிழவர்! சிவகங்கைச் சீமையில் பிரபு வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவனைப் பதினாறு வருடம் அப்படி ஆக்கியிருக்கிறது. மேக்விச்சின் சுருக்கம் விழுந்த முகத்தை டிக்கன்ஸ் வருணிக்கும் பக்கத்துக்கு வந்தால் எனக்குத் துரைச்சாமி முகம்தான் வருகிறது.

அதே சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர் ப. சிங்காரம். 18 வயதில் கடல் தாண்டி சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்கு வந்தவர். இவரைப் பற்றிச் சொல்லாமல் பினாங்கில் யாரும் பிப்பைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. அவருடைய 'கடலுக்கு அப்பால்' எங்கள் பினாங்கின் வளர்ச்சி நாவல். 1959இல் கலைமகள் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. எல்லாரும் அவருடைய இன்னொரு நாவலான 'புயலிலே ஒரு தோணி'யைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் என் மனசு சின்னப் புத்தகமான இதன் பக்கம்தான் சாயும்.

அதன் நாயகன் செல்லையா வட்டிக்கடையில் அடுத்தாள். அந்தக் கடைகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நாவல் இன்னும் பிரமாதமாகத் திறக்கும். நீளமான கூடம்தான் கிட்டங்கி. பாய் விரித்து, கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு கடைக்கும், ஓரிடம். பெட்டியடிப் பையனாக வந்து, தண்ணீர் எடுத்து, வசூலுக்கு நடந்து, பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாக வேண்டும். உட்கார்கிற விதம், வாயைத் திறக்கும் அளவு, செலவில் சிக்கனம், கடன் கேட்டு வருபவன் முகத்தைப் படிப்பது எல்லாம் அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து கடல் தாண்டித் தொழில் பழக வந்த பையனுக்கு அதுவே பள்ளிக்கூடம், அதுவே வீடு.

அப்படி வார்க்கப்பட்ட செல்லையாவைப் போர் வந்து வேறு அச்சில் ஊற்றிவிடுகிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. வெள்ளைக்காரர்கள் உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டு இரவோடு இரவாகத் தீவைவிட்டுப் போனார்கள். கனவான் என்ற சொல்லுக்கு அன்றைக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு மிஞ்சியிருக்கும்? செல்லையா நேதாஜியின் படையில் சேர்கிறான். நெஞ்சை நிமிர்த்தி நடக்கக் கற்றுக்கொள்கிறான். போர் முடிந்து திரும்பினால், முதலாளி வானாயீனா அவனை ஏற இறங்கப் பார்க்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டுக்கு உதவாது, இவனிடம் தொழிலையும் பெண்ணையும் ஒப்படைக்க முடியாது என்று முடிவு கட்டுகிறார். மகள் மரகதத்தின் மனசு செல்லையாவிடம் இருந்தும் அவளை வேறொருவனுக்குப் பேசுகிறார்.

வானாயீனாவைக் கெட்டவராக சிங்காரம் காட்டவே இல்லை, அதுதான் என்னைக் கிறங்கடிக்கிறது! அவருக்குத் தெரிந்த உலகம் கைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் உலகம். அங்கிருந்து பார்த்தால் அவர் கணக்கு சரிதான். எஸ்டெல்லாவின் கண்ணில் பிப்பின் கை எப்படியோ, அப்படியே வானாயீனாவின் கண்ணில் செல்லையாவின் நடை. பிப்பைக் கொல்லுப்பட்டறையிலிருந்து பிய்த்து எடுத்தது பணம், செல்லையாவைக் கிட்டங்கியிலிருந்து பிய்த்து எடுத்தது போர். இருவருமே வளர்ந்த இடத்துக்குத் திரும்ப முடியாத ஆள்களாக ஆகிவிடுகிறார்கள். நூறு வருஷ இடைவெளியில், வேறு பாஷையில், வேறு கடலோரத்தில், இரண்டு பேர் ஒரே காயத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

மரகதத்தைப் பற்றி நான் ஓர் ஆதங்கத்தையும் சொல்லியாக வேண்டும். செல்லையாவுக்காவது கடையும் படையும் கிடைத்தன. அவளுக்கு வீடு மட்டும்தான். இந்த இடத்தில் நான் ஜார்ஜ் எலியட்டிடம் ஓடுவேன். அவருடைய 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' வந்தது 1860இல், பிப் பிறந்த அதே ஆண்டு. மேகி டல்லிவருக்குத்தான் மூளை, அண்ணன் டாமுக்கு இல்லை. ஆனால் காசைக் கொட்டி லத்தீன் படிக்க அனுப்புவது டாமை. அவன் அதை வெறுக்கிறான், அவள் அவன் புத்தகத்தை ஆசை ஆசையாகப் புரட்டுகிறாள். எங்கள் தெருவில் அப்படி எத்தனை மேகிகள். என் அத்தை கோயில் துண்டுப்பிரசுரம், மருந்துச் சீட்டு, பலசரக்குக் கட்டிய காகிதம் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவரை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் புத்தகங்களை நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் மட்டும் போதாது என்பது என் பிடிவாதம். ஒருநாள் மணிக்கூண்டிலிருந்து கிளம்பி, வங்கிகள் வரிசையாக நிற்கும் பீச் ஸ்ட்ரீட் வழியாக நடந்து, திரும்பிப் பினாங் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். மல்லிகையும் மசாலாவும் கலந்த வாசனை. தைப்பூசத்துக்கு நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு அங்கேதான். பிறகு ஃபார்குவார் ஸ்ட்ரீட் பக்கம் போனால், இப்போது மாநில அருங்காட்சியகத்துக்கு உரிய பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1928இல் கிரீன் லேனுக்கு மாறுவதற்கு முன் அங்கேதான் நடந்தது. கிட்டங்கியும் ஆங்கிலப் பள்ளியும் நடந்துபோகும் தூரத்தில். எந்த வாசலில் ஒரு பையனைக் கொண்டுவிட்டார்களோ, அந்த வாசலுக்குத் தக்க மனுஷனாக அவன் ஆனான். நடக்க நடக்க எனக்குப் புல்லரிக்கும்.

பிப்பைப் பார்க்க ஜோ லண்டன் வரும் அத்தியாயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வரும் ஜோவுக்குத் தன் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்பின் மேல்விளிம்பில் வைக்கிறான். அது விழுந்துகொண்டே இருக்கிறது, இவன் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறான். பிப்புக்கு ஒரே கூச்சம். தான் வளர்த்த பிள்ளையை சார் போட்டுப் பேசுகிறான் ஜோ. போகும்போது, இந்த உடுப்பில் நான் தப்பான ஆள், பட்டறையில் என்னைப் பார்த்தால் இவ்வளவு குறை தெரியாது என்ற பொருளில் அவன் பேசுவதை நான் எத்தனை தடவை படித்தும் உலர்ந்த கண்ணோடு தாண்டியதில்லை.

ஏனென்றால், நான்காம் படிவத்தில் நான் மறந்துவிட்டுப் போன கணக்குப் புத்தகத்தை அப்பா வேலைக்கு நடுவே பள்ளிக்கே கொண்டுவந்தார். அதே காக்கிக் கால்சட்டை. பக்கத்தில் தோழிகள். யாரோ கிடங்கு ஆள் கொண்டுவந்து கொடுத்ததுபோல நான் அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியும் வழக்கம்போல, "பசியாறியாச்சா தாயி?" என்றுதான் கேட்டார்.

அவருக்குக் கண் மங்கிய பிறகு, சாயங்காலங்களில் இந்த நாவலை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜோ வரும் அத்தியாயத்தை முடித்துவிட்டு நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தத் தொப்பி கடைசியில என்னாச்சு?"

"எச்சித்தண்ணி ஊத்துற கிண்ணத்துல விழுந்துடுச்சுப்பா. பிப்தான் எடுக்கிறான்."

"தொடைச்சுக் குடுத்தானா?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது எழுதியிருக்கவில்லை.