முத்துக் குளிப்போரும் வலை இழுப்போரும்

ஐரோப்பாவின் பெரிய இசையரங்குகளில் இன்றும் நடிக்கப்படும் இசைநாடகங்களுள் ஒன்றின் கதைக்களம் நமது இலங்கைத் தீவின் கடற்கரையாகும். ஜோர்ஜ் பிஸே என்னும் பிரெஞ்சு இசைமேதை தமது 24ஆம் வயதில் இயற்றிய 'முத்துக் குளிப்போர்' 1863 செப்டெம்பர் 30ஆம் நாள் பாரிஸ் நகரில் அரங்கேறியது. பிஸே இலங்கையைக் கண்டவரல்லர். நாடகத்தின் பாடலை எழுதிய இருவரும் முதலில் கதையை மெக்சிக்கோவில் நிகழ்வதாகவே அமைத்து, பின்னர் இலங்கைக்கு மாற்றினர் என்பர். மெக்சிக்கோவாயினும் இலங்கையாயினும் பாரிஸ் நகரத்துச் செல்வர்க்கு ஒன்றுதான். தொலைவில் ஒரு கடல், வெண்மணல், விளங்காத தெய்வம், முக்காடிட்ட கன்னி. இவை இருந்தாற் போதும்.

இந் நாடகத்தைக் குறித்து இங்கே எழுதப் புகுந்தது மேனாட்டுச் சங்கீதத்தில் நமக்குள்ள புலமையைக் காட்டுவதற்கன்று. கடலில் உழைக்கும் மக்களை இசை எவ்வாறு கண்டது, எவ்வாறு காணாமல் விட்டது என்னும் கேள்வி, கொக்கிளாய்க் கரையில் வலை இழுக்கும் மக்களின் பாட்டைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வியுமாகும்.

நாடகம் தொடங்கும்போது முத்துக் குளிப்போர் மணற்பரப்பில் ஆடிப்பாடித் தமக்கு ஒரு தலைவனைத் தேர்ந்தெடுக்கின்றனர். முக்காடிட்ட கன்னியொருத்தி பாறைமேல் நின்று பிரமனைப் பாடுகிறாள். அவள் கற்புத் தவறாதிருக்கும் வரையில் கடலில் இறங்கியோர்க்குத் தீங்கில்லை. அவள் காதலனைச் சந்தித்த இரவில் புயல் எழுகின்றது. ஊரார் அவள் உயிரைக் கேட்கின்றனர். மூன்று அங்கங்களிலும் ஒருவராவது மூச்சடக்கிக் கடலடியில் இறங்கும் துன்பத்தைப் பற்றிப் பாடுவதாக நமக்கு நினைவில் நிற்கவில்லை. சிப்பி யாருக்குச் சேர்ந்தது, விற்ற பணம் எங்கே போயிற்று என்பது பற்றியும் பேச்சில்லை.

மெய்யான முத்துக்குளிப்பு மன்னார்க் குடாவில் நடைபெற்றது. அங்கே தலைவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குளிகாரனுக்கு இருக்கவில்லை. காலனித்துவ அரசு முத்துச் சலாபத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது; சிப்பிகளை ஏலத்தில் விற்றது. குளித்தவனுக்குக் கிடைத்தது நாலில் ஒரு பங்கு. பின்னாளில் மூன்றில் ஒரு பங்கு. வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. பாறைமேல் நின்று மந்திரம் பாடிய கன்னிக்கு ஒப்பான ஒருவர் அங்கும் இருந்தார். சுறாக்களின் வாயைக் கட்டுவதாகக் கூறி மந்திரம் ஓதிய அவரைக் 'கடல்கட்டி' என்பர். அவரில்லாமல் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தமையால் அரசே அவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தது! மந்திரத்தை நம்பாத வெள்ளை அதிகாரி வருமானத்தை நம்பினான். இக் காட்சியில் எத்துணை நாடகம் இருக்கிறது! மனோரதியக் கலைஞனின் கண்ணுக்கு அது படவில்லை.

பிஸேயின் இசை தரங்குறைந்தது என்று யாரும் கொள்ளலாகாது. நாதிர் என்னும் காதலன் தனித்திருந்து பாடும் பாட்டு, ஓடப்பாட்டுப் போல ஆறு எண்ணிக்கையில் ஊசலாடிச் செல்வது, ஒரு முறை கேட்டவரை எளிதில் விடாது. நண்பர் இருவர் குழலும் யாழும் துணைசெய்யப் பாடும் பாட்டும் அத்தகையதே. ஆனால் அந்த ஊசலில் அசைவது படகன்று, காதலனின் நினைவு. கடல் அவனுடைய உள்ளத்துக்கு ஒரு திரைச்சீலை. ரொமான்டிக் என்று மேனாட்டார் வழங்கும் மனோரதிய இசையின் பலமும் பலவீனமும் இங்கேதான் உள்ளன. பிரபுவின் மாளிகையிலே ஊழியம் செய்த இசைவாணனை விடுவித்துத் தன் உள்ளத்தைத் தானே பாடும் தனிமனிதனாக்கிய பெருமை அதற்குண்டு. அவ்வாறு விடுதலை பெற்றவன் அடுத்தவனுடைய உழைப்பைக் கண்டபோது, அதனை வண்ணமாகவே கண்டான். லிஸ்ட் இயற்றிய ஹங்கேரிய ராப்சோடிகளையும் இவ்வாறே மதிப்பிடவேண்டும். நகரத்து விடுதிகளில் ஜிப்சி வாத்தியக்காரர் வாசித்தவற்றையே அவர் ஹங்கேரிய மக்களின் இசையெனக் கொண்டார். உழவனின் குடிசைவரையில் அவர் போகவில்லை.

இனிக் கொக்கிளாய்க்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், ஒரு புறம் களப்பும் மறுபுறம் ஆழ்கடலுமாகக் கிடக்கும் ஊர் அது. களப்பின் அக்கரையில் புல்மோட்டை. இங்கே முத்தில்லை, மீனும் இறாலும் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் கீழைக் கடல் அமைதியாயிருக்கும். அக்காலத்தில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவரும் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நீண்டகால வழக்கம். கரைவலை கடலில் வளைக்கப்பட்டதும், இரு கயிறுகளையும் இரு அணியினர் பற்றி மணலில் காலூன்றி இழுப்பர். வலையும் படகும் சம்மாட்டியுடையவை. இழுப்பவனுக்குப் பங்கு மட்டுமே. அப்போது எழுவதுதான் அம்பாப் பாட்டு.

அதன் அமைப்பை இசை மாணவர் உற்று நோக்கவேண்டும். ஒருவன் அடியெடுத்துக் கொடுப்பான். மற்றவர் ஏற்றுப் பாடுவர். ஏற்றுப் பாடும் அசையிலேயே கைகள் இழுக்கும். அடியெடுப்பவன் பாடும் இடைவெளியில் மூச்சு வாங்கும். ஆகவே இங்கே தாளம் என்பது விரலால் எண்ணும் கணக்கன்று, முதுகெலும்பின் கணக்கு. வலை தொலைவில் கனத்துக் கிடக்கையில் பாட்டு விளம்பத்தில் நகரும். மடி கரையை அணுக அணுகக் காலம் துரிதமாகும். காலத்தை மாற்றுவது பாடுவோனின் மனோதர்மமன்று, நீரின் எதிர்ப்பு. தெய்வத்தை அழைத்துத் தொடங்கிய சொல் கேலிக்குத் தாவும். கேலி சம்மாட்டியைத் தொடும். பிஸேயின் முத்துக் குளிப்போர் பாடாதவற்றையெல்லாம் இவர்கள் பாடுகின்றனர்.

மேனாட்டு இசையில் இத்தகைய கரையைக் கண்டவர் பெஞ்சமின் பிரிற்றன் ஆவார். இங்கிலாந்தின் கீழைக் கரையில் லோஸ்டொப்ற் என்னும் மீன்பிடித் துறையில் 1913இல் பிறந்தவர். போரை மறுத்த சமாதானவாதி. அவருடைய 'பீற்றர் கிறைம்ஸ்' 1945 ஜூன் 7ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. ஜோர்ஜ் கிராப் 1810இல் வெளியிட்ட செய்யுள் நூலிலிருந்து கதையை எடுத்து நாடகமாக்கிய மொன்ராகு சிலேற்றர் பொதுவுடைமையாளர் என்பதும் நாம் கருதத்தக்கது. இங்கே ஊரார் ஆடிப்பாடும் கூட்டமல்லர். வலை பழுதுபார்த்துக்கொண்டே பாடும் தொழிலாளர். மீன் விலை, கடன், அநாதை விடுதியிலிருந்து விலைக்கு வாங்கப்படும் சிறுவர்கள், வம்பு, வழக்கு எல்லாம் அக் கரையில் உண்டு. பீற்றர் என்னும் மீனவனிடம் வேலைக்கு வந்த சிறுவன் கடலில் இறந்துவிடுகிறான், மற்றொருவனும் இறக்கிறான். ஊர் முழுவதும் திரண்டு பீற்றரை வேட்டையாடுகின்றது. அவன் குற்றவாளியா, அவனைக் குற்றவாளியாக்கிய வறுமை குற்றவாளியா என்பதை நாடகம் எளிதில் தீர்த்துவிடவில்லை.

இந்த உள்ளடக்கம் இசையின் உருவத்தையும் மாற்றிவிட்டது. புயலிரவில் மதுக்கடையில் ஊரார் சேர்ந்து பாடும் மீன்பிடிப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. நமது மிஸ்ர சாபுவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமன்று. ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்து பற்றிக்கொள்ளும் அப் பாட்டில் பீற்றர் புகும்போது மட்டும் வரிசை தடுமாறுகிறது. ஊரோடு ஒட்டாதவன் என்பதைச் சொல்லாமலே இசை சொல்லிவிடுகிறது. அதனினும் பெரிய சாதனை ஒன்றுண்டு. வேலைக்கு வரும் அச் சிறுவனுக்கு நாடகத்தில் பாட்டில்லை, பேசுவதற்குங்கூட ஏதுமில்லை. அவனுக்காக வயலினின் தமக்கையான வயோலா தனித்து ஒலிக்கின்றது, அடியில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு கனத்த சுரவரிசையின்மேல். வாயில்லாதவனை வாயில்லாதவனாகவே மேடையேற்றி, அவன் மௌனத்தை நாம் கேட்கும்படி செய்த கலைஞனை மனோரதிய நூற்றாண்டில் தேடினால் கிடைப்பது அரிது.

வோன் வில்லியம்ஸ் அயர்லாந்து எழுத்தாளர் சிங்கின் நாடகத்தைக் கொண்டு அமைத்த 'கடலை நோக்கிச் செல்வோர்' பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்த தாயின் பேச்சையே ஏறக்குறைய அப்படியே இசையாக்கினார் அவர். அலங்காரம் ஒன்றுமில்லை. நமது ஒப்பாரியை அறிந்தவர் அதனை விளக்கமின்றி உணர்வர்.

பிரிற்றன் தம் ஊரை அறிந்து எழுதினார். அறியாத ஊரை அறிவதற்கு முறை வகுத்தவர் பேலா பார்ட்டோக். ஹங்கேரியரான இவர் 1906 முதல் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமந்தோறும் சென்று, உழவர் பாடியவற்றை மெழுகு உருளைகளில் பதிந்தார். நடுக்கத்தையும் இழுப்பையும் விடாது சுரப்படுத்தினார். லிஸ்ட் கேளாத பழைய மெட்டுக்கள் அங்கே உயிரோடிருந்தன. அவற்றைத் தூக்கித் தம் இசையின்மேல் ஒட்டவில்லை. அவற்றின் இலக்கணத்தைக் கற்று, அதிலிருந்து நவீன இசையின் மொழியையே சமைத்தார். ஹங்கேரியரோடு நில்லாது ருமேனியர், ஸ்லோவாக்கியர் பாட்டுக்களையும் திரட்டியதற்காகச் சொந்த நாட்டாரிடமே தேசத்துரோகி எனப் பழிகேட்டார். இனங்கள் ஒன்றிடமொன்று பெற்றுக் கொடுத்ததனாலேயே மக்களிசை வளம் பெற்றது என்பது அவர் கண்ட முடிவு. பாசிசம் பரவிய நாட்டைவிட்டு 1940இல் வெளியேறி, 1945இல் நியூயோர்க்கில் காலமானார்.

நம்மிடையே நிலை என்ன? நாட்டார் பாடல்களை அச்சிட்ட பெரியோர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் அத்தொகுப்புக்களிற் பெரும்பாலானவற்றில் சொல் இருக்கின்றது, மெட்டு இல்லை. அம்பாப் பாட்டை வரிவரியாக அச்சில் படிப்பவன், உலர்ந்த வலையைப் பார்த்து மீனை நினைப்பவனாவான். சபாக்களோ அதனைச் சங்கீதமென்றே கொள்வதில்லை. திரையிசைக்காரர் கொள்கின்றனர், 'ஏலேலோ' என்னும் ஒலியை மட்டும் பறித்துக் காதற்பாட்டின் முகப்பில் செருகுகின்றனர். பிஸே செய்ததும் இதுவே. அவரிடமிருந்த மேதைமை இவர்களிடமில்லை. 1965இல் வெளிவந்த 'செம்மீன்' மலையாளப் படத்துக்கு இசையமைத்த சலில் சௌதுரி மக்கள் நாடக இயக்கத்திலே வளர்ந்தவர், மேனாட்டிசையும் கற்றவர். அதன் கூட்டுப்பாடல்களில் கரையின் ஆரவாரம் உண்மையாகவே கேட்கின்றது. ஆனால் கதை? கரையிலிருக்கும் மனைவி கற்புடன் இருந்தால் கடலுக்குச் சென்றவன் மீள்வான் என்பது. பாரிஸ் மேடையில் பாறைமேல் நின்ற கன்னியின் கதையன்றோ இது! படகின் பலவீனத்துக்கும் கூலியின் குறைவுக்கும் கணக்குச் சொல்லவேண்டியவரை விட்டுவிட்டு, கடற் சாவுக்குப் பெண்ணைப் பொறுப்பாக்கும் இந்த நம்பிக்கையைத் தகழியின் நாவலும் படமும் எவ்வளவு தூரம் கேள்விக்குட்படுத்தின என்பது தனியே ஆராயத்தக்கது.

கூத்தைப் பொறுத்தமட்டில் 1960களில் பேராசிரியர் வித்தியானந்தனும், அதற்குமுன் 1956இல் 'மனமே' நாடகத்தின் வாயிலாகச் சிங்கள அரங்கில் சரச்சந்திரரும் ஒரு வழி காட்டினர். சரச்சந்திரர் எடுத்தாண்ட நாடகம் என்னும் கூத்துவகை தமிழ்க் கூத்தோடு உறவுடையது. மேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவரிடையே வளர்ந்தது. கொக்கிளாய்க்குப் பருவந்தோறும் வந்து வாடியடித்தவரும் அக் கரையினரே. ஒரே மணலில் இரு மொழிப் பாட்டுக்கள் அருகருகே ஒலித்த அக் காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எம் மெட்டுக்கள் தாவின என்று கேட்டுப் பார்க்கப் பார்ட்டோக் ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை.

1984 டிசம்பரில் கொக்கிளாயில் குடியிருந்த சிங்கள மீனவக் குடும்பங்கள் ஆயுதக் குழுவினரால் தாக்கப்பட்டன. அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் இராணுவத்தால் விரட்டப்பட்டனர். போர் 2009இல் முடிந்த பின்னரே அவர்கள் திரும்ப முடிந்தது. கால் நூற்றாண்டு கரையில்லாதிருந்தவர்க்குக் கரைவலையில்லை. வலையில்லாதவர்க்கு அம்பா எங்கிருந்து வரும்? திரும்பி வந்தபோது கடலுரிமையும் காணியுரிமையும் பிணக்கிலிருந்தன. மற்றொரு மாற்றமும் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் உழவு இயந்திரத்தில் பொருத்திய சுருளை கரைவலையை இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்துக்கு அடியெடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியதில்லை. முதுகொடியும் உழைப்பு நீங்குவதை நாம் எதிர்க்கவில்லை. பாட்டுக்காக மனிதன் கயிறிழுக்கவேண்டுமென்பது கொடுமை. ஆனால் அந்த இயந்திரத்தால் இழுத்தவனின் பங்கு உயர்ந்ததா, அவனே தேவையற்றவனானானா என்பதைக் கரையிலுள்ளோர் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.

1984இல் இருபது வயதில் அடியெடுத்துக் கொடுத்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். ஏற்றுப் பாடியவர்களிற் பலர் இல்லை. பார்ட்டோக் சுமந்த பாரமான கருவி இன்று மாணவன் சட்டைப்பையில் கைத்தொலைபேசியாகக் கிடக்கின்றது. கொக்கிளாய்ப் பாடசாலையின் சங்கீத ஆசிரியரும் சில மாணவரும் ஒரு விடுமுறைக் காலத்தை இதற்குக் கொடுக்கலாம். பாடுவோரைக் கதிரையில் இருத்திப் பாடச் சொல்லக்கூடாது. ஒரு கயிற்றையாவது கையில் கொடுக்கவேண்டும். வலை எவ்வளவு தூரத்தில் இருக்கையில் இந்த அடி, மடி தெரிந்ததும் எந்த அடி, சம்மாட்டி அருகில் நின்றால் விடப்படும் அடி எது என்று கேட்டுக் குறிக்கவேண்டும். வாடியிலிருக்கும் சிங்களத் தொழிலாளியிடமும் அதே கேள்விகளைக் கேட்கவேண்டும்.